வேண்டாம் என்று சொல்லத் தெரிந்த பிள்ளை



ஞானப்பழக் கதை நமக்கெல்லாம் மனப்பாடம். பழம் அண்ணனுக்குப் போச்சு, தம்பி கோவிச்சுக்கிட்டு மலையேறிட்டார். தைப்பூசம் வந்தா யாராவது ஒருத்தர் குரூப்ல அதைப் போட்டுடுவோம். அந்தக் கதையில நாம வேகமாத் தாண்டிப் போற ஒரு இடம் இருக்கு. அம்மையும் அப்பனும் பின்னாடியே போய்க் கூப்பிடுறாங்க. பிள்ளை வரலை. அவங்களும் கையைப் பிடிச்சு இழுத்துட்டு வரலை. 'பழம் நீ'ன்னு சொல்லி அங்கேயே இருக்க விட்டாங்க. தனியா நிக்கப்போன பிள்ளையை நிக்க விட்ட பெத்தவங்க கதையும் அதுக்குள்ள இருக்கு.

இதை என் அக்காகிட்ட சொன்னேன். "அந்தப் பிள்ளைக்குப் பழம் கிடைக்கலைன்னு கோபம். என் பிள்ளைக்குக் கிடைச்சிட்டா என்ன ஆகுமோன்னு எனக்குப் பயம்" என்றாள்.

அக்கா பையனுக்கு 12 வயசு. முந்திரி ஆகாது. ரெண்டு தடிப்பு வந்து, ஒரு மாத்திரையில அடங்குற 'ஆகாது' இல்லை இது. முந்திரியில இருக்கிற சில புரதங்களை அவன் உடம்பு எதிரின்னு எடுத்துக்குது. சில நிமிஷத்துல உதடு வீங்கும், வாந்தி வரும், குரல் கம்மும், மூச்சு இழுக்கும், ரத்த அழுத்தம் சரியும். அனாஃபிலாக்சிஸ்னு சொல்றாங்க. இப்படி இருக்கிறவங்கள்ல நிறைய பேருக்குப் பிஸ்தாவும் ஆகாது. அவனுக்கும் ஆகாது. அந்த நேரத்துல முதல் மருந்து அட்ரினலின் ஊசி, தொடையோட வெளிப்பக்கத்துல. அலர்ஜி மாத்திரை அரிப்பைக் குறைக்கும், மூடுற தொண்டையைத் திறக்காது. ரெண்டரை வயசுல ஒரு கிரகப்பிரவேசத்துல முந்திரி கேக் ஒரு துண்டு வாயில போட்டதும் எங்க வீட்டுக்கு இதெல்லாம் தெரிஞ்சது. அன்னிக்கு அவன் பிழைச்சது பெரிய ஆஸ்பத்திரி பத்து நிமிஷத் தூரத்துல இருந்ததால.

அதுக்கப்புறம் அக்கா ஒரு கோட்டையைக் கட்டினாள். பள்ளிக்கூடத்துக்கு வருஷா வருஷம் லெட்டர். பிறந்தநாள் விழான்னா அவளும் கூடப் போய் மூலையில ஒரு நாற்காலி. கல்யாண வீட்டுக்கு அவனுக்குத் தனி டிபன் பாக்ஸ். திண்டுக்கல் கடைத்தெருவுல எந்தப் பேக்கரியில எந்தத் தட்டுல எதை அடுக்குறாங்கன்னு அவளைக் கேட்டாச் சொல்லுவாள். ஒருத்தர் வாழ்க்கையை இன்னொருத்தர் இவ்வளவு கவனமாப் பார்த்து நான் வேற எங்கயும் பார்த்ததில்லை.

போன வருஷம் பையன் கேட்டான். நண்பன் வீட்டோட பழனி பாதயாத்திரை போகணும், அம்மா வேண்டாம். "அம்மா வேண்டாம்"னு அவன் சொன்ன விதத்துல கோபம் எதுவும் இல்லை, சும்மா ஒரு தகவல் மாதிரிச் சொன்னான். அதுதான் அவளை ரொம்பக் குத்திடுச்சு.

இங்கதான் கேள்வி. உயிருக்கே ஆபத்து இருக்கிற ஒரு பிள்ளையைத் தனியா விடுறது அன்பா, பொறுப்பு இல்லாத்தனமா? "12 வயசுப் பையனுக்குச் சாவுன்னா என்னன்னு தெரியுமாடா? அவன் கேக்குறான்னு விட்டா, விலை கொடுக்கப் போறது யாரு?" அக்காவோட இந்தக் கேள்வி சாதாரணமானது இல்லை. விலை தெரியாதவன் சம்மதம் சம்மதமே இல்லைன்னு ஒரு நியாயம் அதுல இருக்கு. பதிலுக்கு, 18 வயசு ஆனா அந்த விலை தானாத் தெரிஞ்சிடுமான்னு நான் கேட்டேன். பிறந்தநாள் அன்னிக்கு ராத்திரி 12 மணிக்கு யாருக்கும் ஞானம் வந்து இறங்குறதில்லை.

உணவு அலர்ஜியால இறந்தவங்களைப் பத்தி ஆராய்ச்சி செஞ்சவங்க திரும்பத் திரும்பச் சொல்ற ஒரு விஷயம், அதுல பதின்வயசுப் பசங்களும் இளவயசுக்காரங்களும்தான் அதிகம்ங்கிறது. கைக்குழந்தைகளுக்குத்தான் ஆபத்து அதிகம்னு நாம நினைப்போம். ஆனா குழந்தைக்கு ஒரு அம்மா காவல் இருக்காங்க. 17 வயசுப் பையன் ஹாஸ்டல்ல இருக்கான், ஃப்ரெண்ட்ஸ் முன்னாடி 'எனக்கு இது ஆகாது'ன்னு சொல்லக் கூச்சப்படுறான், மருந்தை ரூம்லயே வெச்சுட்டுப் போறான். அதுவரைக்கும் எல்லாத்தையும் அம்மா பார்த்துக்கிட்டதால, தானே பார்த்துப் பழகினதும் இல்லை. கோட்டை எவ்வளவு உறுதியோ, வெளியே வர்ற முதல் நாள் அவ்வளவு ஆபத்து.

என் வேலையில ஆன்-கால்னு ஒண்ணு உண்டு. ராத்திரி சர்வர் விழுந்தா யார் எழுந்திரிக்கணும்ங்கிற முறை. புதுசா வந்தவனை முதல் வாரமே தனியா விடமாட்டோம். முதல்ல சீனியர் செய்றதைப் பக்கத்துல இருந்து பார்ப்பான். அப்புறம் அவன் செய்வான், சீனியர் பார்ப்பார். அப்புறம் அவனே செய்வான், சீனியர் போனை மட்டும் பக்கத்துல வெச்சுட்டுத் தூங்குவார். எல்லாமே ஒரே ஆள்கிட்ட இருந்தா அந்த டீமை நாங்க பலமான டீம்னு சொல்லமாட்டோம், அந்த ஆளுக்குக் காய்ச்சல் வந்தா கதை முடிஞ்சது. அக்காவைச் 'சிங்கிள் பாயிண்ட் ஆஃப் ஃபெயிலியர்'னு சொன்னதுக்கு ரெண்டு நாள் என்கூடப் பேசலை. (தம்பிங்க அக்காகிட்ட இந்த மாதிரி வார்த்தையெல்லாம் விடாதீங்க.)

அவளை யோசிக்க வெச்சது வேற ஒண்ணு. முந்திரி உள்ள போனா முதல்ல என்ன ஆகும்னு பையன்கிட்டயே கேட்டோம். போன தடவை தெரியாமக் கொஞ்சம் பட்டப்போ, நாக்குல நிறைய ஊசி குத்துற மாதிரி இருந்துச்சுன்னான். உதடு வீங்குறது, தடிப்பு எழும்புறது எல்லாம் நமக்குத் தெரியும், ஆனா அது அடுத்த கட்டம். முதல் மணி அடிக்கிறது அவன் வாய்க்குள்ள. உலகத்துல அது கேட்கிற ஒரே ஆள் அவன்தான். பக்கத்துல உட்கார்ந்திருந்தாலும் அக்காவுக்குக் கேட்காது. அப்போ, காவலோட முதல் வேலை எப்பவுமே அவன்கிட்டதான் இருந்திருக்கு, நாமதான் அதை அவன்கிட்ட ஒப்படைச்சதா அவனுக்குச் சொல்லலை.

இதுவரைக்கும் எல்லா ஊருக்கும் பொது. நம்ம ஊருக்குன்னு ஒரு கஷ்டம் இருக்கு, அதைப் பத்தித்தான் நான் எழுத உட்கார்ந்தேன்.

இந்தப் பிள்ளைக்குச் சுதந்திரம்னா தனியா பஸ் ஏறுறதோ ராத்திரி வெளியே தங்குறதோ பெரிய விஷயம் இல்லை. பெரியவங்க ஆசையா நீட்டுறதை 'வேண்டாம்'னு சொல்லத் தெரியணும். அதை நாம எந்தக் குழந்தைக்காவது கத்துக்கொடுத்திருக்கோமா? 'தாத்தா குடுக்கிறாரு, வாங்கிக்கோ.' 'கையை நீட்டினா வேண்டாம்னு சொல்லக்கூடாது.' 'ஒரு வாயாவது சாப்பிடு, மனசு கஷ்டப்படுவாங்க.' இப்படித்தான் வளர்த்திருக்கோம். சாப்பாடு நம்மகிட்ட அன்போட மொழி. அதை மறுத்தா ஆளையே மறுத்த மாதிரி. அலர்ஜி உள்ள பிள்ளைக்கு அந்த மரியாதைதான் முதல் ஆபத்து. சாப்பிடக்கூடாதுன்னு அவனுக்கு நல்லாத் தெரியும், ஆனா அத்தை முகம் வாடுறதைப் பார்த்து வாங்கிப்பான்.

எங்க அம்மாச்சி ரொம்ப நாள் ஒரே பாட்டுதான். "கொஞ்சம் கொஞ்சமாக் குடுங்கடி, பழகிடும்." அதை முழுக்கத் தப்புன்னும் சொல்ல முடியலை, அதான் சிக்கல். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2000-ல, அலர்ஜி வர வாய்ப்புள்ள குழந்தைகளுக்கு மூணு வயசு வரைக்கும் வேர்க்கடலை கொடுக்காதீங்கன்னு சொன்னது. 2008-ல அதுக்கு ஆதாரம் போதாதுன்னு விட்டுட்டாங்க. 2015-ல லண்டன்ல நடந்த லீப் ஆய்வு நேர் எதிராக் காட்டிச்சு. 4 முதல் 11 மாசத்துக்குள்ள சாப்பிட ஆரம்பிச்ச குழந்தைகளுக்கு வேர்க்கடலை அலர்ஜி வந்தது ரொம்பக் குறைவு. ஆனா அது அலர்ஜி வர்றதுக்கு முன்னாடி. வந்தபிறகு கொஞ்சம் கொஞ்சமாக் கொடுத்துப் பழக்குறதுன்னா மில்லிகிராம் கணக்குல, மருத்துவர் மேற்பார்வையில செய்ற சிகிச்சை. அம்மாச்சியோட கரண்டிக் கணக்கு அங்க ஆகாது.

அப்புறம் பிரசாதம். நம்ம குரூப்லயே சில பேருக்கு இது உறுத்தும்னு தெரியும். 'சாமி பிரசாதம் யாரையும் கெடுக்காது'ன்னு மனசார நம்புறவங்க இருக்காங்க, அந்த நம்பிக்கையை நான் கிண்டல் பண்ணலை. ஆனா சர்க்கரைப் பொங்கல்ல முந்திரியைப் போட்டது மடப்பள்ளியில சமைச்சவர். அந்தப் பையனோட உடம்பைக் கொடுத்தது முருகன்னு நாம சொல்றோம். ரெண்டுல எதை மதிக்கணும்னு கேட்டா எனக்குச் சந்தேகமே இல்லை. நீறு வாங்கி நெத்தியில பூசிக்கலாம். பழனிப் பஞ்சாமிர்தத்தோட வழக்கமான சேர்மானம் மலைவாழைப்பழம், சர்க்கரை, நெய், தேன், ஏலக்காய், பேரீச்சம்பழம், கற்கண்டு. அதுல முந்திரி இல்லை, அதை அவன் சாப்பிடுவான். பால் ஆகாத குழந்தைக்கு அதே பஞ்சாமிர்தத்துல இருக்கிற நெய் ஆகாம இருக்கலாம். வெளிக்கடை டப்பான்னா திருப்பி அச்சடிச்சிருக்கிறதைப் படிச்சுட்டுத்தான் திறப்பான். பிரசாத டப்பாவைத் திருப்பிப் படிக்கிறவனுக்குப் பக்தி குறைவுன்னு யாராவது நினைச்சா, அவங்க ஒருதடவை குழந்தைக்கு மூச்சு இழுக்குறதைப் பக்கத்துல இருந்து பார்க்கணும்.

எல்லாத்துக்கும் அக்கா வெச்சிருந்த கடைசிப் பதில் ஒரு லண்டன் பொண்ணு. நடாஷா எட்னான்-லபெரூஸ், 15 வயசு. 2016 ஜூலையில ஹீத்ரோ விமான நிலையத்துல ஒரு நீள ரொட்டி சாண்ட்விச் வாங்கினாள். அவளுக்கு எள் ஆகாது. உறையைப் படிச்சுப் பார்த்துத்தான் வாங்கினாள், அதுல எள்ளுன்னு எழுதலை. மாவுக்குள்ள எள் இருந்துச்சு. விமானத்துல அவளுக்கு மோசமாச்சு, அன்னிக்கே இறந்துட்டாள். "அந்தப் பொண்ணு எல்லாம் சரியாத்தானே செஞ்சா? படிச்சுப் பார்த்தாளே?" என்று அக்கா கேட்டபோது எனக்கு உடனே பதில் வரலை.

அப்புறம் மெதுவாச் சொன்னேன். அந்தப் பொண்ணோட அப்பா பக்கத்து சீட்லதான் இருந்தார். ரெண்டு அட்ரினலின் பேனாவும் அவரேதான் போட்டார். பெத்தவங்க கூட இருந்தும் நடந்துச்சு. அதனால 'நான் கூட இருந்தா ஆகாது'ங்கிறதும் உண்மை இல்லை, 'அவனுக்குக் கத்துக்கொடுத்துட்டா ஆகாது'ங்கிறதும் உண்மை இல்லை. அக்கா அழுதாள். நான் ஆறுதல் சொல்லலை, சொல்ல ஆறுதல் இல்லை. எந்தப் பக்கம் போனாலும் ஆபத்து பூஜ்யம் ஆகாதுன்னா, எந்தப் பக்கம் போனா அந்தப் பையன் தன் உடம்போட எஜமானா வளருவான்னு மட்டும்தான் பார்க்க முடியும்.

நடாஷா விஷயத்துல தவறினது பிள்ளையும் இல்லை, பெத்தவங்களும் இல்லை, உறை. அவங்க பெத்தவங்க போராடி, 2021 அக்டோபர்ல இருந்து பிரிட்டன்ல கடையிலேயே செஞ்சு பொட்டலம் கட்டி விக்கிற உணவுக்கும் முழுச் சேர்மானப் பட்டியல் கட்டாயம் ஆச்சு. நம்ம நாட்டிலும் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தோட 2020 விதிப்படி பாக்கெட் உணவுல பால், முட்டை, மீன், வேர்க்கடலை, முந்திரி வகைக் கொட்டைகள், சோயா, கோதுமை வகைன்னு இருந்தா உறையில சொல்லணும். அன்னதானத்துக்கு உறை ஏது?

அன்னதானப் பந்தல் போடுற தம்பி தங்கைங்க இதை மட்டுமாவது உங்க குரூப்ல போடுங்க. ஒரு அட்டையில, இன்னிக்கு என்ன சாப்பாடு, அதுல முந்திரி, வேர்க்கடலை, பால், எள் எது இருக்குன்னு எழுதி வெச்சா அஞ்சு நிமிஷ வேலை. மேலாகத் தெரியற முந்திரியை எடுத்துட்டுக் கொடுக்காதீங்க, அதே நெய்யில வறுத்ததுதான் மீதியும். குருமாவுல அரைச்சு விட்டது யார் கண்ணுக்கும் தெரியாது. அப்புறம், ஒரு பையன் 'வேண்டாம்'னா, ஏன்னு ஒருதடவை கேளுங்க, ரெண்டாவது தடவை வற்புறுத்தாதீங்க.

சரி, எங்க வீட்டுல என்ன முடிவாச்சு. முழுசா விடவும் இல்லை, முழுசாத் தடுக்கவும் இல்லை. எட்டு வயசுல இருந்தே லேபிள் படிக்கிறது அவன் வேலை, அக்கா ரெண்டாவதாப் படிப்பாள். ஓட்டல்ல சர்வர்கிட்டப் பேசுறதும் அவன்கிட்ட வந்துச்சு. முதல்ல மூணு நாலு தடவை சத்தமே வரலை, "என்ன தம்பி?"ன்னு குனிஞ்சு கேட்பாங்க. அட்ரினலின் பேனா நம்ம ஊர் மருந்துக்கடையில சுலபமாக் கிடைக்காது, அத்தானோட அண்ணன் துபாய்ல இருந்து வரும்போது கொண்டு வருவார். ஊசி இல்லாத பயிற்சிப் பேனாவை வெச்சு டவுசர் மேலயே அழுத்தி, வாய்விட்டு எண்ணிப் பழகினான். ரெண்டு பேனாவும் எப்பவும் அவன் இடுப்புப் பையில, ஒண்ணு பத்தாமப் போனா அடுத்தது. வெயில்ல வைக்கக்கூடாது, ஃப்ரிட்ஜ்லயும் வைக்கக்கூடாது. அக்கா போட்ட சட்டம் ஒண்ணே ஒண்ணு: வாயில ஏதாவது வித்தியாசமாத் தெரிஞ்சா வெட்கப்பட்டுத் தனியா ஒதுங்காதே, பாத்ரூம் பக்கம் போகாதே, இருக்கிறவங்ககிட்ட உடனே சொல்லு. இந்த மாதிரிப் பசங்க பல பேர் ஒதுங்கிப் போய்த்தான் யாருக்கும் தெரியாம விழுந்திருக்காங்க.

இந்தத் தைப்பூசத்துக்கு ஒட்டன்சத்திரத்துல இருந்து பழனி வரைக்கும் மட்டும் விட்டாள். சுமார் 30 கிலோமீட்டர். குருசாமிக்கும் கூடப் போன மூணு பெரியவங்களுக்கும் அவனே பேனாவைக் காட்டிச் சொல்லிக்கொடுத்தான்: போட்டதும் காலைத் தூக்கி வெச்சுப் படுக்க வைக்கணும், மூச்சு வாங்கினா உட்கார வைக்கணும், 108-ஐக் கூப்பிடணும், அஞ்சு நிமிஷத்துல சரியாகலைன்னா அடுத்தது. சரியாயிட்டாலும் ஆஸ்பத்திரி போயே ஆகணும், சில மணி நேரம் கழிச்சுத் திரும்ப வரலாம். அக்கா ராத்திரி முழுக்கத் தூங்கலை, ஆனா ரெண்டு தடவைக்கு மேல போன் பண்ணலை.

வழியில ஒரு பந்தல்ல கேசரி கொடுத்திருக்காங்க. வேண்டாம்னிருக்கான். கொடுத்த தாத்தா, "சாமி சோத்தை வேண்டாங்கிறியா? மாலை போட்டுக்கிட்டு?"ன்னு எல்லார் முன்னாடியும் சத்தம் போட்டிருக்கார். "எனக்கு முந்திரி ஆகாது தாத்தா, மூச்சு நின்னுடும்"னு சொல்லியிருக்கான். அவர் நம்பலை, முகத்தைத் திருப்பிக்கிட்டார். பையன் சாப்பிடலை. ஆனா மலையேறி, தரிசனம் முடிச்சு, வீட்டுக்கு வந்த பிறகும் அதையேதான் கேட்டான். "அந்தத் தாத்தா என்னைத் திமிரு பிடிச்சவன்னு நினைச்சிருப்பாருல்ல மாமா?"

நினைச்சிருப்பார். அப்படி இல்லைடான்னு சொல்ல எனக்கு மனசு வரலை. "நினைச்சுட்டுப் போகட்டும்டா மாப்ள"ன்னேன். அது போதாதுன்னு அவன் முகத்துல தெரிஞ்சது. நல்ல பிள்ளைன்னு பேர் வாங்கி வளர்ந்தவனுக்கு, தப்பே செய்யாம ஒரு பெரியவர் மனசைக் கஷ்டப்படுத்தின சுமை அது. கூடவே இருந்திருந்தா அக்காவே வாங்கிக்கிட்டிருப்பாள் அந்தத் திட்டை. பத்து வருஷமா அவள்தான் வாங்கிட்டு இருந்தாள்னு அவனுக்கு அன்னிக்குத்தான் தெரிஞ்சது.

போன ஞாயித்துக்கிழமை வகுப்புத் தோழன் ஒருத்தனுக்குப் பிறந்தநாள். வழக்கமா அக்காதான் முன்னாடியே அந்த வீட்டுக்குப் போன் பண்ணுவாள். இந்தத் தடவை போனை அவனே எடுத்துட்டு மாடிப்படிக்குப் போனான். கேக்ல என்னென்ன இருக்கு, எந்தக் கடை, பக்கத்துல பாதாம் பிஸ்தா கேக் அதே கத்தியில வெட்டுவாங்களான்னு கேட்டான். அந்தப் பக்கம் ஏதோ சொன்னாங்க. அக்கா அடுப்படியில கைவேலையை நிறுத்திட்டு நின்னாள்.

"இல்ல ஆன்ட்டி, அம்மாகிட்டக் குடுக்க வேண்டாம். என்கிட்டயே சொல்லுங்க" என்றான்.